அண்ணியோடு சுண்ணாம்புக்கல் குவாரிக்கு

ஓசூரில் இப்படிக் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தியா என்றால் வெயில் என்று மலாயாவில், எங்கள் ஈப்போவில் எல்லோரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பி நான்கு மெல்லிய சட்டைகளோடு கப்பலேறியவன் நான். தை மாதத்துக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பல் தந்தியடித்தது. தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளி போர்த்தியிருந்த ஒரு ஜட்காக்காரர் என்னிடம் வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டார். விழித்தேன். தெலுங்கில் கேட்டார். அதற்கும் விழித்தேன். அலுத்துப்போய், "எங்க போவணும்?" என்றார். எங்கள் ஈப்போவிலும் மூன்று பாஷை உண்டு. ஆனால் அங்கே ஆளின் முகத்தைப் பார்த்தே எதில் பேசுவது என்று முடிவு செய்துவிடுவார்கள். இங்கே எல்லோர் முகமும் ஒன்றுபோல இருப்பதால் மூன்றையும் பேசிப் பார்த்துவிடுகிறார்கள்.

மத்திகிரிக்குப் போகவேண்டும் என்றேன். அங்கே என் அண்ணி லூர்தம்மாள் இருந்தாள். அவளை ஈப்போவுக்கு அழைத்துவருவதற்காகத்தான் பள்ளிக்கூட வாத்தியாரான நான் இரண்டு மாத லீவு போட்டுக் கடல் தாண்டி வந்திருந்தேன்.

அண்ணியை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவின் பூர்வீகம் மத்தூர்ப் பக்கம். அண்ணன் சவரிமுத்து பெண் கட்டுவதற்காக ஊருக்கு வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான். ஈப்போவில் கல்லுடைக்கும் இடத்தில் வெடிமருந்து வேலை பழகியவன் ஆனதால், சாமல்பட்டி அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலையும் கிடைத்தது. பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கடிதம் நின்றது. சண்டை முடிந்து முதலில் வந்த கடிதமே, அண்ணன் குவாரியில் வெடிபட்டுச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று சொன்னது. பிள்ளை கிடையாது. அதன் பிறகு அம்மா என்னை அண்ணிக்கு மூன்று முறை எழுதச் சொன்னாள். வா, வந்து என்னோடு இரு, உன்னைத் தவிர என் மகனை அறிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று. மூன்று முறையும் "வரவில்லை, மன்னிக்கவும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், "நீயே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிவா" என்று என்னை விரட்டினாள்.

அண்ணி அரசாங்க மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கிற வேலையில் இருந்தாள். ஒற்றை அறை வாடகை வீடு. சுவரில் மாதா படம். நான் வாசலில் நின்றதும் யார் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டு, "உள்ள வாங்க தம்பி, பனி கொட்டுது" என்றாள். நான் அண்ணன் ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஜாடை ஒருத்தியை இப்படிக் குனிய வைக்கும் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். களியை மென்று தின்னப் பார்த்தேன். அடுத்த வீட்டுக் கன்னடக்காரி எட்டிப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். "முழுங்கணுமாம், மெல்லக் கூடாதாம். பல்லுக்கு வேலையில்லாத சாப்பாடுங்கறா" என்று அண்ணி சொன்னாள். முழுங்கினேன். தொண்டையில் நின்றுகொண்டு போவேனா என்றது. குழம்பு மட்டும் அமிர்தம். பச்சை அவரைக்கொட்டையை இப்படிச் சமைக்கத் தெரிந்தவர்கள் ஈப்போவில் யாருமில்லை.

சாப்பிட்டு முடித்து, வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கழுவினாள். "என்னால ஆவாது தம்பி. அத்தைகிட்ட சொல்லிடுங்க" என்றாள். ஏன் என்றேன். அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். சரி, அண்ணன் செத்த இடத்தையாவது பார்த்து ஒரு செபம் சொல்லிவிட்டுப் போகிறேன், வழி சொல்லுங்கள் என்றேன். "அங்க என்னா இருக்குது? மூடிப் போட்டு ஏழெட்டு வருசம் ஆவுது. தண்ணியும் முள்ளுந்தான்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முள்ளு எனக்குப் புதிதில்லை என்றேன். ஈப்போவைச் சுற்றி இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் மலை. கம்யூனிஸ்டுக் கலகத்துக்காகப் போடும் ஊரடங்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சீன நண்பரோடு அவற்றில் ஏறுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கயிறு வேண்டாம், செருப்பும் வேண்டாம், செங்குத்தான பாறையாக இருந்தாலும் விரல் நுழைய இடம் இருந்தால் ஏறிவிடுவேன் என்று பெருமையாகவே சொன்னேன். வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நீளும்.

அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவே பாறை ஏறுவீங்களா?" என்றாள். ஏறுவேன் என்றேன். "நாளைக்குப் பண்ணையில சொல்லிட்டு வர்ரன். நானே கூட்டிட்டுப் போறன்" என்றாள். எதனால் மனம் மாறினாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. பாதிப்பேர் அணை கட்டுகிற வேலைக்குப் போகிற கல்வேலைக்காரர்கள். கடப்பாரைகளை நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள். பஸ் ஆடும்போதெல்லாம் அவை என் கணுக்காலைப் பதம் பார்த்தன. சூளகிரி தாண்டியதும் ஒரு மேட்டில் பஸ் நின்று, எஞ்சின் மூடியிலிருந்து ஆவி கக்கியது. கண்டக்டர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. யாரும் கோபப்படவில்லை. இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள். எங்கள் ஊரில் பஸ் நடுவழியில் நின்றால் கம்யூனிஸ்டுகள் வருவார்களோ, பட்டாளம் வருமோ என்று இருபுறமும் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே ஒரு கிழவர் என் மடியிலும் ஒரு கை கடலை போட்டுவிட்டு, தெலுங்கில் நெடுநேரம் பேசினார். அண்ணி மொழிபெயர்த்தாள். "இந்த வண்டி இந்த மேட்டுல எப்பவும் நிக்குமாம். இதுக்கு மேடு புடிக்காதாம்." அந்த இரண்டு நாளில் அண்ணி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மத்தூரில் சந்தை நாள். அன்று இரவு அங்கே அண்ணியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். நல்ல மனிதர்கள். சுடு தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் குவாரிக்குப் போகிறோம் என்றதும் பேச்சை மாற்றினார்கள். வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அங்க எதுக்குங்க? அந்தப் பக்கம் ஆடு மேய்க்கறவங்ககூட மேல்படிக்கு ஏற மாட்டாங்க" என்றார். மேல்படி என்றால் என்ன என்று கேட்டேன். நாளைக்குப் பார்ப்பீர்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை சாமல்பட்டியில் இறங்கி நடந்தோம். ஸ்டேஷனைத் தாண்டினால் கேழ்வரகு அறுத்த தாள், அப்புறம் கடலைக் காடு, அதையும் தாண்டினால் ஆவாரம்புதர். ஒற்றையடிப் பாதை போகப் போக மண் வெளுத்துக்கொண்டே வந்தது. என் கால் அந்த வெள்ளை மண்ணை உடனே தெரிந்துகொண்டது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து ஈப்போவின் மண்ணையே மிதிக்கிறோமே என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இடிந்த சுண்ணாம்புக் காளவாய் ஒன்றைக் கடந்ததும் தரை சட்டென்று முடிந்துபோனது.

குவாரி நான் நினைத்ததைவிடப் பெரியது. அடியில் பச்சைத் தண்ணீர். மூன்று பக்கமும் பாறை, மழையில் சாம்பல் நிறமாகி, அங்கங்கே சோறு மாதிரி வெளுத்து நின்றது. கீழ்ப்படிகள் எல்லாம் உடைத்து எடுத்த பிறகும், கிழக்குச் சுவரில் மட்டும் பாதி உயரத்தில் ஒரு திட்டு தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் மேல்படி. அண்ணன் அங்கேதான் செத்தான். அவன் செத்த மறுநாள் கல்வேலைக்காரர்கள் சேவல் அறுத்துக் கும்பிட்டு, அந்தப் படியில் இனி உளி வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். காண்டிராக்டர் கத்திப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் வேலையைத் திருப்பிக்கொண்டார். குவாரி மூடும் வரை அதை யாரும் தொடவில்லை. ஏறுகிற வழியும் இடிந்துபோயிற்று.

தண்ணீர் ஓரத்தில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வயதானவள் நிமிர்ந்து அண்ணியை வெகுநேரம் பார்த்தாள். மற்றவளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இருவரும் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்ன சொன்னாள் அண்ணி?"

"கல்லு வெச்சிருந்தவ வந்திருக்கா-ன்னு சொல்றா."

எனக்குப் புரியவில்லை. அண்ணி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. வெடி வைக்கிறவன் பாறையில் எத்தனை குழி போட்டு மருந்து நிரப்புகிறானோ, அத்தனை கூழாங்கல்லைப் பொறுக்கித் தன் பெண்டாட்டி மடியில் போடுவான். திரியைக் கொளுத்திவிட்டு ஓடிப்போய் மறைந்துகொள்வான். அவள் மேலே நின்று, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கல்லைக் கீழே போடவேண்டும். மடி காலியானதும் முந்தானையை உதறிக் காட்டுவாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் உள்ளே போவான். மடியில் ஒரு கல் மிச்சமிருந்தாலும் ஒரு குழி வெடிக்காமல் ஊமையாக நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் கிட்டே போகக்கூடாது. இந்த எண்ணிக்கையை வெடிக்காரனின் பெண்டாட்டியைத் தவிர வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. அவள் ஒருத்திதான் கவனம் தப்பமாட்டாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

"எட்டுக் கல்லு குடுத்தாரு. நான் கையில வாங்கி எண்ணினன். எட்டுத்தான். எட்டு வெடி கேட்டுச்சு, எட்டையும் போட்டன். முந்தானைய உதறினன். அவரு சிரிச்சிக்கிட்டே போனாரு. போயி நின்னதும் இன்னொண்ணு வெடிச்சிது."

காக்கை ஒன்று எங்கோ கத்தியது.

"பன்னண்டு வருசமா இதான் தம்பி ரோசனை. குழி ஒம்பது போட்டுட்டு, எட்டுக் கல்லுதான் குடுத்தாரா? இல்ல குழி எட்டுத்தானா, நாந்தான் எதிர்ச் சத்தத்த வெடின்னு நெனச்சி ஒரு கல்ல சேத்துப் போட்டுட்டனா? ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னன். வேணும்னு செஞ்சதில்ல, அதனால பாவமில்லன்னாரு. பாவமா இல்லியான்னு நான் கேக்கல. நானா இல்லியான்னுதான் கேட்டன்." பிறகு மேல்படியைக் காட்டினாள். "குழி போட்ட தடம் பாறையில இருக்கும். நீங்க ஏறிப் பாத்து எத்தினின்னு சொல்லுங்க. ஒம்பதுன்னா நான் உங்ககூட வர்ரன். எட்டுன்னா, புள்ளையக் கொன்னவள அந்தம்மா பக்கத்துல எப்பிடி ஒக்கார வெப்பீங்க?"

அவள் ஏன் வந்தாள் என்று இப்போது புரிந்தது. என் பேச்சுத் திறமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். பாறை நல்ல பாறை. மழை அரித்த விளிம்புகள் விரலைக் கத்தியாகக் கிழித்தாலும் கைவிடாது. மூன்று ஆள் உயரம் வரை சுலபம். அதற்கு மேல் ஓர் இடத்தில் உளி பட்டு வழவழப்பாகியிருந்தது. பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு வெடிப்பில் கையை முழங்கை வரை நுழைத்து உடம்பைத் தூக்கினேன். மனம் அலையும்போது பாறை ஏறக்கூடாது என்று என் சீன நண்பர் எப்போதும் சொல்வார். அன்று என் கால் இரண்டு தடவை வழுக்கியது.

மேல்படி பத்தடி அகலம் இருக்கும். உண்ணிச்செடி மண்டியிருந்தது. அதை ஒதுக்கியதும் சுவரில் தடங்கள் தெரிந்தன. மூங்கிலை நெடுகப் பிளந்த மாதிரி, அரைக்குழல் அரைக்குழலாக, வரிசையாக. என் அண்ணன் கையால் துளைத்தவை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து எண்ணினேன்.

எட்டு.

செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபக்கத்திலிருந்து எண்ணினேன். எட்டு. மூலையில் இருந்த எட்டாவதைச் சுற்றி மட்டும் பாறை வேறு விதமாகச் சிதறியிருந்தது; அது மற்றவற்றோடு சேராமல் தனியாக வெடித்திருக்கிறது. அப்போது சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஒன்று ஊதியது. எதிர்ச் சுவர் அதை அப்படியே வாங்கி, கொஞ்சம்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தது. இரண்டு ரயில் என்று நானே சத்தியம் செய்திருப்பேன். அண்ணி மடியிலிருந்து கடைசிக் கல் எதற்காக விழுந்தது என்று தெரிந்துவிட்டது. அந்த மூலையில் உட்கார்ந்து, அண்ணன் செத்த செய்தி வந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதேன். அண்ணி காதில் விழாமல் அழவேண்டியிருந்தது.

"எத்தினி, தம்பி?"

விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். வெயிலுக்குக் கண்மேல் கையை வைத்திருந்தாள்.

"ஒன்பது" என்றேன்.

"நல்லா எண்ணினீங்களா?"

"ரெண்டு தரம் எண்ணினேன் அண்ணி." அது மட்டும் உண்மை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பிறகு அவள் குரல் கிளம்பியது. எனக்கல்ல, அண்ணனுக்கு. "அட பாவி மனுசா, ஒரு கல்லு சேத்துக் குடுக்க உனக்குத் தோணலியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உதறியிருப்பனா? எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா மருந்து?" என்று ஆரம்பித்தவள், தமிழ் போதாமல் தெலுங்குக்கும் போனாள். பன்னிரண்டு வருஷமாக அவனோடு சண்டை போட அவளுக்கு உரிமை இருந்ததில்லை. அன்றுதான் கிடைத்தது. எதிர்ச் சுவர் ஒவ்வொரு வசவையும் திருப்பிச் சொன்னது. நான் மேலே உட்கார்ந்து, ஒரு தப்பும் செய்யாத என் அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு முடிக்காமல் எனக்கு இறங்கத் தைரியமில்லை.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் கடையில் டீயும் பொரியும் வாங்கிக் கொடுத்தேன். அண்ணி இரண்டு டீ குடித்தாள். "அத்தைக்குக் களி புடிக்குமா?" என்று கேட்டாள்.

காகிதங்கள் கைக்கு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. கப்பலில் அண்ணிக்கு மூன்று நாள் வாந்தி. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

ஈப்போ வந்து சேர்ந்த அன்றே, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மடி, கல், முந்தானை, ஒன்பது குழி எல்லாம். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். இரண்டு நாள் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அண்ணி சமையலறையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மங்கிய கண்ணை என் முகத்துக்கு நேரே வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை குழிடா?"

"ஒன்பதும்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாறை கிழித்த தழும்புகள் விரலில் இருந்தன. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அவனுக்கு என்னைக்குடா கணக்கு வந்திருக்கு? சின்னதிலேருந்தே அப்படித்தான்."

எனக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருப்பாள். நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம், "பெரியவனைப் பாரு, ஒண்ணுகூட விடமாட்டான்" என்பாள்.